செம்புள்ளி யாருக்கு?

மூதூரிலும் தம்பலகாமத்திலும் கதிர் முற்றும் வேளையில் காட்டுப்பன்றி வயலுள் இறங்குகிறது. பரண்மீது காவலிருக்கும் உழவனுக்கு உறக்கமில்லை. அவனிடம் சென்று, "துப்பாக்கிக்குச் செம்புள்ளிக் குறிக்கண்ணாடி பூட்டு, மலிவானதே போதும்" என்கின்றனர் திருகோணமலைப் பட்டினத்துப் படித்த நண்பர் சிலர். நாம் மறுக்கிறோம்.

1900இல் டப்ளின் நகரத்து ஹோவார்ட் கிரப் கண்ட தத்துவம் அது. 1975இல் சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் மின்னொளிப் புள்ளியோடு அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தத்துவத்தில் குற்றமில்லை. ஆனால் மலிவுச் சரக்கு வெடியின் அதிர்விலேயே குறி பிசகக்கூடியது. துறைமுகத்து உப்புக்காற்றும் மாரிகால ஈரமும் உட்புகுந்தால் கண்ணாடி மங்கும். பிசகிய புள்ளியை நம்பி இருளிலே சுட்டால், அடுத்த வரம்பில் காவலிருக்கும் அயலவனின் உயிருக்கு யார் பொறுப்பு?

அப்படியானால் உயர்விலைக் கருவியா? ஆண்டுக்கணக்கில் அணையாத அந்தப் புள்ளி போர்வீரனின் ரைபிளுக்கு உகந்தது. கச்சேரி அனுமதியோடு உழவன் வைத்திருக்கும் பயிர்காவல் துப்பாக்கியோ சுமார் 40 யாருக்குள் சுடுவது. அதற்காக மூட்டை மூட்டையாக நெல்லை விற்பதா? குழல்நுனி மணியும் நல்ல கைவிளக்கும் அங்கே போதும். (யானைக்கு இவை எதுவும் ஆகா, 1937ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் காக்கிறது.) மிஞ்சும் பணம் வேலிக்கு ஆகட்டும்.