வரப்பு போட்டது யார், வயல் யாருக்கு?

"மண் அரிப்பெல்லாம் சூழலியல்காரர்கள் பேச வேண்டியது, நமக்கெதற்கு அண்ணா?" என்று முசிறியில் ஒரு தம்பி கேட்டான். கேள்வி நியாயமானது. பதிலும் நேரடியானது: மண் போனால் முதலில் கூலி போகும். கூலி போனால் முதலில் பட்டினி கிடப்பது சேரி.

நம் ஆற்றையே பாருங்கள். கொல்லிமலையில் ஆகாய கங்கையாக விழும் ஐயாறு, புளியஞ்சோலை வழியாக இறங்கிக் காவிரியில் சேர்கிறது. மலையில் மரம் குறைந்தால் மழை நேரே மண்ணில் அடிக்கிறது. மேல்மண் கரைந்து ஏரியையும் வாய்க்காலையும் தூர்க்கிறது. காவிரியிலோ கதை தலைகீழ். 1934இல் எழுந்த மேட்டூர் அணை மேலிருந்து வரும் மணலையும் வண்டலையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. வராத மணலை நாம் லாரியில் அள்ளுகிறோம். படுகை ஆழமாகிறது, வெள்ளம் கரையைக் கடிக்கிறது.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிய, நடுவே திருவரங்கம் தீவாகக் கிடக்கிறது. தீவுக்கு இருபுறமும் கரைதான் காவல். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், கொள்ளிடத்தின் பழைய பாலத் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22ஆம் தேதி முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மணல் கொள்ளைதான் காரணம் என்று விவசாயிகள் அன்றே சொன்னார்கள்.

மருந்து புதிதல்ல. சரிவுக்குக் குறுக்கே வரப்பு, வரப்பில் வெட்டிவேர், ஓடைக்குள் கல்தடுப்பு, கரையோரம் கோரை. முசிறிப் பாய்க்குப் பேர் வாங்கிக் கொடுத்த கோரையின் வேர் மணலைக் கவ்விப் பிடிக்கும். இதையெல்லாம் செய்யத் தெரிந்த கைகள் யாருடையவை? வரப்பு வெட்டியது நம் அப்பன், கோரை அறுத்தது நம் ஆத்தா. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் விவசாயத்தில் இருக்கும் தலித்துகளில் சுமார் 71 விழுக்காட்டினர் கூலிகள்.

சிக்கல் இங்கேதான். 2005 வேலை உறுதிச் சட்டம் பட்டியல் சாதியினரின் சொந்த நிலத்தில் வரப்பு போடவும் நிலம் சமன்செய்யவும் இடம் கொடுத்தது. சொந்த நிலமே இல்லாதவன் எதைக் காட்டுவான்? அடுத்தவன் வயலைக் காப்பாற்றக் கூலிக்குப் போவான். வெள்ளம் வந்தால் நிவாரணமும் பட்டாக்காரருக்குத்தான். வாய்மொழிக் குத்தகையில் வாழை வைத்தவர் வெறுங்கையோடு நிற்பார்.

நிலம் கொடுக்கப்படவே இல்லையா? கொடுக்கப்பட்டது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு, 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை ஏட்டில் இருந்தது, நிலம் கைமாறியது. அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். வெள்ளம் அரித்த மண்ணைவிட, சாதி அரித்த மண் அதிகம்.

எனவே மாணவத் தோழர்களே, மரம் நடும் விழாவுக்குப் போங்கள், தவறில்லை. திரும்பும் வழியில் கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். குத்தகைக்கு உழும் நம் மக்களை 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வையுங்கள்.

தனதென்று ஆன மண்ணை யாரும் ஆற்றோடு போக விடமாட்டார்கள்.

ஜெய் பீம்!