நகையை அடகு வைக்குமுன்



நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று சில நாட்களாக மேசைமீதே கிடக்கிறது. மேனிலைப் பள்ளிப் படிப்பை முடித்த மகன், ஒளியும் நிழலும் மெய்போலத் தோன்றும் படங்களைக் கணிப்பொறியில் ஆக்கப் பயில விரும்புகிறான். அதற்கென விலையுயர்ந்த புதுப் பொறி வேண்டுமாம். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்று தந்தையார் வினவுகிறார். இது குருவானவரிடம் கேட்கத்தக்கதா என்று அவருக்கே தயக்கம். அடகுக் கடைக்குப் போகுமுன் கேட்டாரே, அதுவே நன்று.

இக்கலையை ரே டிரேசிங் என்பர். ஒளிக்கதிரைப் பின்தொடர்தல் என நாம் கூறலாம். பீடத்தின்மேல் பித்தளை விளக்குத் தண்டு நிற்கிறது. மெழுகுதிரியின் ஒளி அதில் பட்டுத் தெறித்து நம் கண்ணை அடைகிறது. கணிப்பொறியோ இப்பயணத்தைத் தலைகீழாகக் கணக்கிடுகிறது. கண்ணிலிருந்து, படத்தின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரைச் செலுத்தி, அது எதில் படுகிறது, எங்கே திரும்புகிறது, விளக்கைக் காண்கிறதா, நிழலில் நிற்கிறதா என்று தேடுகிறது. 1525-இல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், சுவரில் மாட்டிய கயிற்றைப் பொருளின்மீது தொட்டுத் தொட்டுப் புள்ளி புள்ளியாக வரையும் முறையைத் தம் புத்தகத்தில் படமாகக் காட்டினார். இன்று கயிற்றுக்குப் பதில் எண்கள். 1980-இல் டர்னர் விட்டெட் வெளியிட்ட கண்ணாடிக் கோளப் படத்தை ஆக்க அன்றைய ஆய்வுக்கூடக் கணிப்பொறிக்கு 74 நிமிடம் ஆயிற்று. இன்று வீட்டிலுள்ள பழைய பொறியே அத்தகைய படத்தை நொடிகளில் முடித்துவிடும்.

இனி மென்பொருளுக்கு வருவோம். திருட்டுப் பிரதி தேடவேண்டிய தேவையே இங்கில்லை. நாம் கூறப்போகும் மூன்றும் சட்டப்படியே இலவசம்.

முதலாவது, 1991 முதல் வழங்கும் போவ்-ரே. இதில் படத்தை வரைவதில்லை, எழுதுகிறோம். இவ்விடத்தில் ஒரு கோளம், இன்ன ஆரம், இன்ன நிறம், இங்கே விளக்கு, இங்கே காமிரா என்று சில வரிகளில் ஆங்கிலச் சொற்களும் எண்களுமாக எழுதிக் கொடுத்தால் படம் வந்துவிடும். பள்ளியில் வேண்டாவெறுப்பாகப் படித்த ஆயத்தொலைவுகள் இங்கே உயிர்பெறுகின்றன. கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. பழைய பொறியிலும் ஓடும். ஆனால் மனித முகத்தையோ சேலை மடிப்பையோ எழுதிக்காட்டுவது பெரும்பாடு. பிழைப்புக்கு இதனை மட்டும் நம்புதலாகாது.

பிழைப்புக்கு உதவுவது பிளெண்டர். 2002-இல் அதனை நடத்திய நிறுவனம் மூடப்பட்டபோது, அதை ஆக்கிய டச்சுக்காரர் டோன் ரோசெண்டால் பயனர்களிடம் நன்கொடை கேட்டார். ஏழே வாரங்களில் 1,00,000 யூரோ சேர்ந்தது. மென்பொருள் பொதுச்சொத்துப்போல் ஆயிற்று. (ஆலயக் கூரைக்கு நிதி திரட்டும் நாம் சற்றே பொறாமைப்படலாம்.) அதனுள் 2011-இல் சேர்ந்த சைக்கிள்ஸ் என்னும் பகுதியே கதிர்களைப் பின்தொடர்கிறது. தொடக்கத்தில் படம் மணல் தூவியதுபோல் இருக்கும். கதிர்கள் பெருகப் பெருகத் தெளியும். அந்த மணலைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும். காலத்தை விழுங்குவது இதுவே. விலையுயர்ந்த கார்டைக் கேட்பதும் இதற்காகவே. கார்டு இல்லாமலும் வேலை நடக்கும், பொறுமை வேண்டும். எனினும் இன்றைய பதிப்புகளுக்குக் குறைந்தது 8 ஜிகாபைட் நினைவகம் தேவை.

மூன்றாவதான லக்ஸ்கோர், நீர் நிறைந்த கண்ணாடிக் குவளை மேசைமேல் வீசும் ஒளிக்கோலத்தைச் சிறப்பாகக் காட்டும். தொடக்கக்காரருக்கு அது இப்போது வேண்டா.

ஆகவே ஐயா, நகை வீட்டிலேயே இருக்கட்டும். இருக்கும் பொறியில் மகன் முதலில் போவ்-ரேயைப் பழகட்டும். மெழுகுதிரி ஏற்றிய விளக்குத் தண்டு ஒன்றை ஆக்க ஒரு மாதத் தவணை கொடுங்கள். பாதியில் சலித்தால் வட்டியில்லாமல் தப்பினீர்கள். முடித்தானானால் பிளெண்டருக்கு மாறட்டும்; பொறி மெய்யாகவே திணறும்போது நினைவகம் கூட்டுவதைப்பற்றிப் பேசுவோம். படத்தை நமக்கும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.