கண்ணாடித் தொட்டியில் ஓர் அமானிதம்

 

ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். கொழும்பில் வேலை செய்யும் மகன், பெருநாள் லீவில் வரும்போது ஒரு ஒக்டோபஸைக் கொண்டு வந்து வீட்டு மீன்தொட்டியில் வளர்க்கப் போகிறானாம். "அவன் வைத்துவிட்டுப் போய்விடுவான். பார்ப்பது நான்தானே! இது கூடுமா?" என்கிறார்.

பிராணி வளர்ப்பது கூடும். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர், சிறு குருவி ஒன்றை வைத்து விளையாடி வந்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அந்தக் குருவியைப் பற்றி அன்போடு விசாரிக்கவும் செய்தார்கள். ஆனால் பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவளிக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தியும் ஹதீஸில் உண்டு. ஆகவே, வளர்க்கலாமா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அதன் ஹக்கை நம்மால் நிறைவேற்ற முடியுமா என்றும் கேட்க வேண்டும்.

இந்த உயிரின் ஹக் என்ன? ஒக்டோபஸ் கணவாய்க்கு உறவானது. எட்டுக் கைகள், மூன்று இதயங்கள், நீல நிற இரத்தம்! படைத்தவனின் வல்லமையைப் பாருங்கள். அதற்குக் கடல்நீர் வேண்டும். சமையல் உப்பைக் கரைத்து ஊற்றினால் போதாது. நண்டும் இறாலும் உணவாக வேண்டும். வெப்பக் கடலில் பிடித்ததை நுவரெலியாக் குளிரில் வைத்தால் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுப் பம்பும் இரவு பகலாக ஓட வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. அப்படியொரு நாள் வந்தால் தொட்டிக்குள் இருக்கும் உயிரின் கதி என்ன? நீல வளைய ஒக்டோபஸ் என்றொரு வகையும் இந்து சமுத்திரத்தில் உண்டு. அதன் விஷத்திற்கு மாற்று மருந்தே இல்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதையும் யோசிக்க வேண்டும்.

அதற்கு எலும்பில்லை. சிறு இடுக்கு கிடைத்தாலும் நழுவிவிடும். நியூஸிலாந்தின் நேப்பியர் நகர மீன்காட்சியகத்தில் 'இங்கி' என்ற ஒக்டோபஸ், மூடியின் இடைவெளியால் வெளியேறி, தரையில் ஊர்ந்து, வடிகால் குழாய் வழியே கடலுக்குப் போய்விட்டது. 2016இல் உலகமே இதைப் பேசியது. வீட்டில் வெளியேறினால் அது போய்ச் சேர நம் மலையில் கடல் ஏது? காலையில் தரையில் காய்ந்து கிடப்பதைத்தான் காண்போம்.

இதன் ஆயுளும் குறைவு. பெரும்பாலானவை ஓரிரு வருடங்களே வாழ்கின்றன. பெண் ஒக்டோபஸ் முட்டையிட்டபின் இரை தேடுவதை விட்டு, முட்டைகளுக்கு நீரை வீசிக் காவல் காக்கிறது. குஞ்சுகள் வெளிவரும் காலத்தில் அது இறந்துவிடுகிறது. தாய்மாரே, அந்தச் சிறு ஆயுளைக் கண்ணாடிக்குள் அடைத்து நாம் வேடிக்கை பார்க்க வேண்டுமா?

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2010 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில், ஜெர்மனியில் இருந்த 'போல்' என்ற ஒக்டோபஸ் எட்டுப் போட்டிகளின் முடிவையும் முன்கூட்டியே சொன்னதாகக் கொண்டாடினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அது இறந்தது. தன் மவ்த்தை அறியாத ஜீவன் மற்றவர் வெற்றியை எப்படி அறியும்? மறைவானதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே.

எனவே சகோதரி, மகனிடம் கோபிக்காமல் எடுத்துச் சொல்லுங்கள். ஹராம் என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டில் அதன் ஹக்கை நிறைவேற்ற முடியாது, அதனால் வேண்டாம் என்கிறேன். ஏற்கனவே தொட்டியில் இருக்கும் மீன்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வாயில்லா ஜீவன் நம் கைக்கு வந்துவிட்டால் அது அமானிதம். மறுமையில் அதைப் பற்றியும் கேட்கப்படுவோம்.

வல்ல நாயன் நம் உள்ளங்களில் இரக்கத்தை நிரப்புவானாக! ஆமீன்.