கொல்லைக்கு வந்த ஈர்வாள்

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகள் ஓரிரவில் படுத்துவிட்டன. அதற்கு முன் எங்கள் ஊரில் மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் மரவாடிக்காரர்களிடம் மட்டுமே இருந்தது. அதன்பின் தோப்புக்காரர் வீட்டுத் திண்ணைகளில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் அதுவும் இடம்பிடித்தது. எங்கள் வீட்டிற்கும் ஒன்று வந்தது. ஈர்வாள் என்னும் பழஞ்சொல் அகராதியில் உறங்க, ஊரார் இதனை 'மரம் அறுக்குற மிஷின்' என்கின்றனர். பெயரைப் பற்றி எங்களுக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு.

கருவியை வீட்டுத் தேவைக்கேற்ப மாற்றுவதை நாங்கள் குறை கூறவில்லை. இந்தச் சங்கிலிப் பல்லே ஒரு மாற்றத்தின் பிள்ளைதான். 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரம்வெட்டி, மரத்தைக் குடையும் வண்டின் புழு ஒன்றைக் கூர்ந்து நோக்கினார். அது வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாகச் சீவிக்கொண்டே முன்னேறுவதைக் கண்டு, இடப்பல்லும் வலப்பல்லும் மாறிமாறி வரும் சங்கிலியைச் செய்தார். புழுவிடம் பாடம் கேட்ட அந்தப் பணிவு நம்மவர் மாற்றங்களில் இல்லை.

கடைகளில் இப்போது ஓர் இணைப்பு விற்கிறார்கள். ஆங்கிள் கிரைண்டரின் வட்டைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் நீண்ட தகட்டையும் சங்கிலியையும் பூட்டிக்கொள்ளலாம். முழு இயந்திரத்தின் விலையில் சிறு பங்குதான். ஆனால் சிறிய கிரைண்டர் நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்வது; வட்டிற்கென்று செய்யப்பட்டது. அதில் சங்கிலியை நிறுத்தும் பிரேக் கிடையாது. பலவற்றில் சுவிட்சைத் தள்ளிவிட்டால், கை நழுவினாலும் அது ஓடிக்கொண்டேயிருக்கும். தகட்டு நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால், தகடு முழுவதும் மேலெழும்பி அறுப்பவர் முகத்தை நோக்கித் திரும்பும். முறையான இயந்திரத்தில் முன்கைப்பிடிக்கு அப்பால் நிற்கும் காப்பு, அந்நேரம் மணிக்கட்டுப் பட்டுச் சாய்ந்து சங்கிலியை நிறுத்திவிடும். அடிக்கடி நின்று தொல்லை தருகிறது என்று அந்தக் காப்பையே கம்பியால் இழுத்துக் கட்டியவர்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். இந்த இணைப்பைப் பூட்டி முருங்கைக் கிளை அறுக்கப்போய், இடக்கையில் இரு விரல்களை இழந்தார். மருத்துவமனையில் அவர் சொன்னது: "கிரைண்டர்தானே ஐயா, தினமும் புடிக்கிறதுதானேன்னு நெனச்சேன்." பழகிய கருவி என்ற எண்ணமே அவருக்குப் பகையாயிற்று.

மின் ரம்பத்தில் வேறொரு மாற்றம் செய்கிறார்கள். 2000 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதன் பெரிய பிளக்கை வெட்டிவிட்டு 5 ஆம்பியர் பிளக்கைப் பொருத்தி, மேசை விசிறிக்கு உரிய மெல்லிய ஒயரில் கொல்லை வரை இழுக்கிறார்கள். ஒயர் சுடுகிறது, மோட்டார் திணறுகிறது, பழி மட்டும் இயந்திரத்தின் மேல். பெட்ரோல் ரம்பத்திலோ, ஸ்கூட்டருக்குப் பழகிய கை வெறும் பெட்ரோலை ஊற்றிவிடுகிறது. இது இருவீச்சு எஞ்சின். இயந்திரத்தைப் பொறுத்து, லிட்டருக்கு 20 மி.லி. அல்லது 40 மி.லி. எண்ணெய் கலக்காவிட்டால் பிஸ்டன் இறுகிப்போகும்.

மாற்றத் தக்கவை உண்டு. குறுக்கே அறுக்கும் பல் பெரும்பாலும் 30 பாகைச் சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். நெடுக்கே பலகை அறுப்பதற்கு 10 பாகையே ஏற்றது. ஒரு வட்ட அரமும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தென்னை பல்லை விரைவில் மழுக்கிவிடும். ஆகவே அரம் எப்போதும் பையில் இருக்க வேண்டும். விழுந்த எங்கள் மாமரத்தின் மேல் ஏணி ஒன்றைப் படுக்கவைத்து, அதன்மேல் சறுக்கும் இரும்புச் சட்டத்தில் ரம்பத்தைப் பூட்டிப் பலகை எடுத்தோம். அச்சட்டத்தைச் செய்து தந்தவர் அந்த மாணவரே. விபத்துக்கு முந்தைய ஆண்டு. சங்கிலிக்குப் பழைய என்ஜின் ஆயில் ஊற்றும் வழக்கத்தையும் நாங்கள் விட்டுவிட்டோம். அது கீரைப் பாத்தியெங்கும் தெறிக்கிறது. சமையல் எண்ணெய் போதும். ஆனால் வேலை முடிந்ததும் துடைத்து வைக்காவிட்டால் பிசினாக இறுகிவிடும். இத்தகைய மாற்றங்கள் எவையும் அறுப்பவர் கைக்கும் சங்கிலிக்கும் இடையே உள்ள காப்பைத் தொடுவதில்லை. அந்த எல்லையைத் தாண்டிய மாற்றத்தை, எவ்வளவு சாமர்த்தியமானதாயினும், நாங்கள் ஏற்கமாட்டோம். அந்த இணைப்பை விற்பவர்களும் இதை அறிந்தே விற்கிறார்கள் என்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

சென்ற மாதம் அந்த மாணவர் எங்கள் இயந்திரத்தை இரவல் கேட்டு வந்தார். தயக்கத்தோடுதான் எடுத்துக் கொடுத்தோம். வாங்கியவுடன் காப்பை முன்னே தள்ளி, பிரேக் விழுகிறதா என்று இருமுறை பார்த்தார். நாங்களும் செருப்பை மாட்டிக்கொண்டு அவருடன் கிளம்பினோம். "ஷூ போட்டுக்கிட்டு வாங்க ஐயா" என்றார்.