தவணை தவறிய டொமைன் திருட்டுப்போனதல்ல

ஒரு டொமைன் பெயருக்கு ஒருமுறை பணம் கட்டிவிட்டால் அது காலத்துக்கும் தமக்கே சொந்தம் என்று திருச்சியின் கடைக்காரர்களும் கல்லூரி நிர்வாகங்களும் ஸ்ரீரங்கத்தின் சபைகளும் அறக்கட்டளைகளும் நம்புகின்றன. தமிழ்நாடு முழுக்க இதே நம்பிக்கைதான். பெயர் கைமாறியதும் "திருடிவிட்டார்கள்" என்ற புகார் எழுகிறது. அந்தப் புகார் பெரும்பாலும் தவறானது. டொமைனை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. குத்தகைக்கு எடுக்கிறோம், அதுவும் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான 5 நாளுக்குள் மறுபடியும், பெயரைப் பதிவு செய்து தரும் ரெஜிஸ்ட்ரார் பதிவுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதி. பெயரை நீக்கிய பிறகும் 30 நாள் வரை கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்கலாம். இத்தனை வாசல்களையும் கடந்துதான் பெயர் பொதுவுக்கு வருகிறது. அறிவிப்பு வரவில்லை என்பவர்கள், அது எந்த மின்னஞ்சலுக்குப் போனது என்று பார்க்கட்டும். வெப்சைட் செய்து கொடுத்துவிட்டு எப்போதோ ஊரைவிட்டுப் போனவரின் முகவரியாகவே அது பல இடங்களில் இருக்கும்.

கோர்ட்டுக்குப் போனால் கிடைத்துவிடும் என்பார்கள். இதற்கு அவர்கள் காட்டும் தீர்ப்பு முக்கியமானதுதான்: சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்தின் தன்மை உண்டு என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த நிறுவனம் பணம் கட்ட மறந்து பெயரை இழந்துவிட்டு வந்ததல்ல. தன் 'சிஃபி' என்ற பெயருக்குச் சந்தையில் இருந்த மதிப்பை நிறுவி, அதைப் போன்ற பெயரை இன்னொருவர் எடுத்ததை எதிர்த்து வென்றது. டாட் இன் பெயர்களுக்கான தகராறு விதியிலும், பெயர் நம் சின்னத்தோடு ஒத்திருப்பதை மட்டும் காட்டினால் போதாது. எடுத்தவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, நோக்கமும் கெட்டது என்று நிறுவ வேண்டும். 'ஸ்ரீரங்கம்', 'மலைக்கோட்டை' போன்ற ஊர்ப் பெயர்களுக்குத் தனி உரிமை கோர யாரால் முடியும்? அங்கே நேர்மையாக டாக்சி ஓட்டுபவருக்கும் அந்தப் பெயரில் இடமுண்டு. டாட் காம் போன்றவற்றுக்கு, ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரு பெயருக்காக முறையிடவே 1,500 டாலர் கட்ட வேண்டும். பெயரைப் புதுப்பிக்க ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம்தான் ஆகும்.

எனக்குக் கோபம் வருவது இழந்தவருக்காக அல்ல, அந்த முகவரியை நம்புகிறவருக்காக. பெயரைப் புதிதாகப் பதிவு செய்தவர், பழைய முகவரிக்கு வரும் கடிதங்களையெல்லாம் பெறலாம். அதோடு இணைத்த கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்ற முயலலாம். 2024-ல் வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு நிறுவனம், டாட் மொபி பதிவகம் கைவிட்ட ஒரு பழைய பெயரை 20 டாலருக்கு எடுத்தது. அரசு அலுவலகங்களுடையவை உட்பட லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அந்தப் பழைய முகவரியையே இன்னும் கேட்டுக்கொண்டிருந்தன. சின்னத் தளத்தை யார் சீண்டப்போகிறார்கள் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பழைய இணைப்புகள்தான் அதன் விலை. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா ஆசிரியராக இருந்த அம்பலம் இணைய இதழ் இன்று இல்லை. அப்படி நின்றுபோன இதழ்களுக்கு வாசகர்கள் கொடுத்த இணைப்புகளோ எங்கெங்கோ அப்படியே கிடக்கின்றன.

ரெஜிஸ்ட்ரார்கள் யோக்கியமா என்று கேட்கலாம். மீட்புக் கட்டணம் அநியாயம்தான். தவணை தவறிய பெயரைச் சிலர் ஏலத்தில் விடுவதையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பெரிய நிறுவனமே தவறும்போது அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாப்ட், ஹாட்மெயிலுக்குள் நுழையப் பயன்பட்ட தன் பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்கத் தவறியதால் ஹாட்மெயில் பயனர்கள் தவித்தார்கள். மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் நிரலர் 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். எல்லோருக்கும் ஒரு சேனி வாய்ப்பதில்லை.

நிறுவனமே போன பிறகு பெயர் எதற்கு என்ற கேள்வியும் உண்டு. 2007-ல் திருச்சிக்கெனத் தனி அண்ணா பல்கலைக்கழகம் வந்தது. 2012-ல் மீண்டும் சென்னையோடு சேர்ந்தது. பல்கலைக்கழகம் கலைந்தாலும் அதில் பட்டம் பெற்றவர்கள் கலைந்துவிடவில்லை. அவர்களுடைய சான்றிதழைச் சரிபார்க்க எழுதுகிறவர்கள் பழைய முகவரிக்கே எழுதக்கூடும். அதனால் கலைக்கும் அரசாணையிலேயே பழைய டொமைனை யார், எந்தத் தலைப்பில் செலவெழுதி, எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று ஒரு வரி இருக்க வேண்டும். ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயிலுக்கு அறநிலையத் துறையின் அரசு முகவரிக்குள்ளேயே பக்கம் இருப்பது சரியான வழி. கவ் டாட் இன் பெயர் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுவது, சந்தையில் யாரும் எடுக்க முடியாது. அந்த வசதி இல்லாத அறக்கட்டளைகள் பதிவைத் தம் பெயருக்கும் அலுவலகப் பொது மின்னஞ்சலுக்கும் மாற்றி, 10 ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டி, காலாவதித் தேதியை ஆண்டுத் தணிக்கையில் கேட்கச் சொல்லட்டும்.