முதலில் கேளுங்கள், பிறகு கொடுங்கள்!

சித்திரை மாதம். உச்சி வெயில். அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழிக்கு பஸ் போகிறது. தொண்டு செய்ய வந்த ஒரு வாலிபர் அதில் இருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவர் வெளிநாட்டுக்காரராக இருக்கலாம். சென்னைக் கல்லூரி மாணவராகவும் இருக்கலாம்.

அவர் ஜன்னல் வழியே பார்க்கிறார். கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேல மரம். வேப்ப மரத்தடியில் நாலு பேர் சும்மா உட்கார்ந்து இருக்கிறார்கள்.

"ஐயோ பாவம்! இங்கே ஒன்றுமே இல்லை. இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை."

இதுதான் அவர் மனதில் எழும் முதல் எண்ணம். அந்த எண்ணம் தவறு!

கண் ஏமாற்றும்

வெடித்துக் கிடப்பது பாழ் நிலம் அல்ல. மழைக்குக் காத்து இருக்கும் நிலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் அதே நிலத்தில் சோளம், கம்பு, உளுந்து, பருத்தி எல்லாம் விளையும்.

கண்மாயும் வெறும் பள்ளம் அல்ல. ஓடி வரும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க முன்னோர்கள் கட்டியது. வயலுக்குத் தண்ணீர் விட மடை உண்டு. நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வெளியேற கலுங்கு உண்டு. குடிக்கும் தண்ணீருக்குத் தனியாக ஊருணி உண்டு. இவ்வளவும் செய்தவர்கள் ஒன்றும் தெரியாதவர்களா?

மரத்தடியில் இருப்பவர்கள் சோம்பேறிகளா? விடியும் முன் எழுந்து, வெயில் ஏறும் முன் வேலையை முடித்தவர்கள் அவர்கள்!

அப்படியானால் அங்கே வறுமை இல்லையா? இருக்கிறது. மழை தவறினால் கடன் ஏறுகிறது. பிழைப்புத் தேடி ஆண்கள் வெளியூர் போகிறார்கள். பெண்கள் குடத்தைத் தூக்கிக் கொண்டு தண்ணீருக்கு அலைகிறார்கள். உதவி தேவைதான். ஆனால் எந்த உதவி தேவை என்பதைச் சொல்ல வேண்டியவர் யார்? பஸ்சில் வந்தவரா, ஊரில் இருப்பவரா?

அமெரிக்காவில் இருந்து வந்தவர்கள்

இந்தப் பக்கத்துக்குத் தொண்டு செய்ய வெளிநாட்டார் வந்தது இன்று நேற்று அல்ல. 1834-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதிரிமார்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து மதுரைக்கு வந்து மிஷன் தொடங்கினார்கள். பிறகு, திருச்சுழிப் பக்கத்தில் உள்ள மண்டபசாலையிலும் தங்கி வேலை செய்தார்கள். பள்ளிக்கூடம் நடத்தினார்கள். மருந்து கொடுத்தார்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு முதல் வேலை எது தெரியுமா? தமிழ் படிப்பது! ஜனங்கள் பேசுவது புரியாமல் அவர்களுக்கு என்ன செய்ய முடியும்?

ஆனால் ஒரு குறையும் இருந்தது. நோயும் வெயிலும் அவர்களை வாட்டின. சிலர் இறந்தே போனார்கள். அதனால் 1845-இல் கொடைக்கானலில் பங்களா கட்டினார்கள். உயிருக்குப் பயந்தது குற்றம் அல்ல. ஆனால், கரிசல்காட்டுக் குடியானவன் ஓடி ஒளிய மலை ஏது?

இந்தக் குறையை உணர்ந்தவர் கெய்த்தான் என்ற அமெரிக்கர். 1925-இல் மதுரை மிஷனுக்கு வந்தார். ஏழைகளின் நாட்டில் மிஷன் பங்களா வாழ்க்கை அவருக்குச் சரியாகப் படவில்லை. கதர் உடுத்தினார். காந்தி வழியை நாடினார். வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. 1930-இல் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. ஆனாலும் திரும்பி வந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு காந்திகிராமத்தில் தொண்டு செய்தார். கொடுக்க வந்தவர், கூட இருக்கக் கற்றுக் கொண்டார்!

ஏழு நாள் தொண்டு

இன்று கல்லூரி மாணவர்களும் தொண்டுக்கு வருகிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் தொடங்கியது. அதில் மாணவர்கள் ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம் போடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால், ஏழு நாளில் ஊரை மாற்றிவிட முடியாது. ஊரைத் தெரிந்து கொள்ள முடியும். அதுவே பெரிய லாபம்!

வருகிறவர்கள் முதலில் மூன்று கேள்வி கேட்கட்டும். எந்த மாதத்தில் எதற்குத் தட்டுப்பாடு? இந்த வேலையை ஊரில் ஏற்கனவே செய்கிறவர் யார்? நாங்கள் போன பிறகு இதைப் பார்த்துக் கொள்வது யார்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பம்பு வைத்துக் கொடுப்பது எளிது. பழுதானால் சரி செய்ய உள்ளூரில் ஆள் வேண்டாமா? ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா?

இன்னொன்று. ஏழைக் குழந்தையைக் கண்டதும் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். பெற்றவளிடம் கேட்டார்களா? கம்பங்கூழ் கொடுத்தால் வேண்டாம் என்று ஒதுக்குகிறார்கள். கொடுத்தவள் மனம் என்ன பாடுபடும்? வாங்கிக் கொள்ளத் தெரியாதவருக்குக் கொடுக்கவும் தெரியாது.

ஊரார் கடமை

ஊராருக்கும் கடமை உண்டு. "துரை வந்திருக்கிறார், படித்தவர் வந்திருக்கிறார்" என்று எதற்கும் தலையாட்டக் கூடாது. "தம்பி, இது எங்களுக்கு வேண்டாம். இந்த வரத்துக் கால்வாயைத் தூர் வார ஒரு கை கொடுங்கள்" என்று சொல்ல வேண்டும். பெண்களும் முன்னால் வந்து பேச வேண்டும். குடம் சுமப்பவளுக்குத்தானே தண்ணீரின் அருமை தெரியும்!

அந்த வாலிபர் பஸ்சை விட்டு இறங்கியதும் நேரே அந்த வேப்ப மரத்தடிக்குப் போகட்டும். அங்கே இருக்கும் பெரியவர் பக்கத்தில் உட்காரட்டும். "ஐயா, உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்கட்டும்.

அவருடைய தொண்டு அங்கே தொடங்கட்டும்.