ரிட்லிக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

சில வாரங்களுக்கு முன் தஞ்சோங் மாலிமில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த தன்முனைப்புப் பயிலரங்குக்கு, உறவினர் ஒருவரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, கட்டணமும் செலுத்திவிட்டுப் போய் உட்கார நேர்ந்தது. மேடையேறிய பேச்சாளர், எதிரே அமர்ந்திருந்த இளைஞர்களுக்கு அருளிய உபதேசத்தின் சாரம் இதுதான்: சர்க்கார் என்பது வரி வாங்கவும் காகிதத்தில் முத்திரை குத்தவும் மட்டுமே லாயக்கான ஸ்தாபனம், நூதனமாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் யோகம் அதன் ஜாதகத்திலேயே கிடையாது, உலகத்தின் புதுமைகள் அனைத்தும் தனிமனிதரின் துணிச்சலிலேயே ஜனித்தன, ஆகவே அரசாங்கம் நமக்குச் செய்யக்கூடிய ஒரே உபகாரம் ஒதுங்கி நிற்பதுதான். மண்டபம் கைதட்டியது. கோலாலம்பூரிலிருந்து அந்த மகானுபாவருக்கு அன்று காலையில் வழி காட்டியது அவருடைய கைப்பேசி. கைப்பேசிக்கு வழி காட்டியதோ அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மக்கள் வரிப்பணத்தில் வானத்தில் ஏவிவைத்த செயற்கைக்கோள்கள். இந்த அற்ப விஷயத்தை அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

காப்பிக்கடையிலும் கோயில் ஆண்டுக்கூட்டத்திலும் இதே மகாவாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. வேறு எந்த ஊர்க்காரர் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம். பேராக் மாநிலத்தில், பால்மரம் சீவிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதைச் சொல்வது, உண்ட வீட்டில் அடுப்பே இல்லை என்று சாதிப்பதற்கு ஒப்பாகும். நம் முன்னோரில் பெரும்பாலோரைக் கப்பலேற்றி இந்நாட்டுக்கு வரவழைத்த ரப்பர் மரமே சர்க்கார் கையால் வந்த மரமல்லவா? 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன சுமார் எழுபதாயிரம் விதைகளுக்கு விலை கொடுத்தது லண்டனிலிருந்த பிரிட்டிஷ் சர்க்காரின் இந்திய அலுவலகம். அவற்றை முளைக்கவைத்தது அரசுக்குச் சொந்தமான கியூ தோட்டம். மறு ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 கன்றுகளில் ஒன்பதை ஏற்றுக்கொண்டது கோலகங்சாரிலிருந்த ரெசிடெண்ட் துரையின் மனை. அவற்றில் எஞ்சிய ஒரு கிழமரம் இன்றும் அங்கே நின்று சாட்சி சொல்கிறது. இந்தப் பட்டியலில் எந்தத் தௌக்கேயின் துணிச்சலைக் கண்டீர்கள்?

மரம் வந்தது போதுமா? பாலெடுக்கும் விதம் தெரியவேண்டாமா? பிரேசில் காட்டிலே கோடரியால் கொத்திக் கொத்தி மரத்தைச் சீரழிப்பதுதான் வழக்கமாயிருந்தது. டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற அதே 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைமையை ஏற்ற ஹென்றி ரிட்லி, ஒருமுறை வெட்டிய வெட்டின் ஓரத்தையே மெல்லிய சீவலாகத் திரும்பத் திரும்பச் சீவினால் மரமும் சாகாது, பாலும் குறையாது என்பதைப் பல ஆண்டுகள் பொறுமையாகச் சோதித்து நிரூபித்தார். நம் பாட்டிமார் விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் ஓடிச் சீவி, பால் பிடிக்கும் மங்குகளை மாட்டிவிட்டுப் போன அந்த வித்தையின் மூலம் இதுதான். சட்டைப்பையில் விதைகளைத் திணித்துக்கொண்டு தோட்டக்காரர்களிடம் அவர் கெஞ்சித் திரிந்தபோது, துணிச்சலின் அவதாரங்களாகிய அந்த முதலாளிகள் அவருக்குச் சூட்டிய பட்டம் ‘பைத்தியக்கார ரிட்லி’. தாங்கள் பயிரிட்ட காப்பியின் விலை பாதாளத்துக்குப் போன பிறகே அவர்களுக்கு ஞானோதயம் உண்டாயிற்று. 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் முதலில் துணிந்து பயிரிட்டார் என்பது மெய். அவரை அதற்குத் தூண்டியவரும் இதே ரிட்லிதான். ரிட்லிக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தது யார்? சர்க்கார்.

இந்தச் சங்கதி ரிட்லியோடு முடிந்துவிடவுமில்லை. 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏற்றுமதியாகும் ரப்பரின் மேல் விதித்த தீர்வையைக்கொண்டு அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், மகரந்தம் மாற்றி, ஒட்டுக்கட்டி, காத்திருந்து உண்டாக்கிய ஆர்ஆர்ஐஎம் 600 என்னும் ரகம் கேரளத்துத் தோட்டங்கள் வரைக்கும் பரவியது. நிறத்தையும் பளபளப்பையும் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்த வியாபாரத்தில், அழுக்கு எத்தனை பங்கு என்று அளந்து சொல்லும் மலேசியத் தர ரப்பரை 1965-இல் புகுத்தியதும் சர்க்கார் விஞ்ஞானிகளே. ஒரு மரம் முதல் பால் தரவே ஐந்தாறு வருஷம் பிடிக்கும். ஒரு ரகத்தின் யோக்கியதையை அறிய அதைப்போல் பல மடங்கு காலம் வேண்டும். அத்தனை வருஷம் காத்திருக்க எந்தப் பங்குதாரர் சம்மதிப்பார்?

இவ்வளவையும் கேட்டபின் நம் நண்பர்கள் வெற்றிப் புன்னகையோடு விரலை நீட்டுவது புரோட்டோன் கார்த் தொழிற்சாலைப் பக்கம். 1983-இல் சர்க்கார் பெற்ற பிள்ளை என்ன ஆயிற்று, 2017-இல் 49.9 சதவீதத்தைச் சீனத்து ஜீலி அல்லவா வாங்கிக்கொண்டது என்பார்கள். நல்லது; ஜீலி தனியார் கம்பெனிதான். ஆனால் 2009 முதல் 2022 வரை மின்வாகனம் வாங்கியவர்களுக்கு மானியம் கொடுத்து, ஜீலி போன்ற கம்பெனிகளின் சந்தையை வளர்த்துவிட்டது பெய்ஜிங் சர்க்கார் என்பதை மட்டும் ஏன் விழுங்கிவிடுகிறீர்கள்? புரோட்டோனுக்கு இறக்குமதித் தீர்வையால் மதில் எழுப்பி, மதிலுக்குள் உறங்க அனுமதித்தது தவறு. ரிட்லி யாருக்கும் மதில் எழுப்பவில்லை. சோதித்தார், விதை கொடுத்தார். ஒரு தொழிற்சாலை தடுமாறியதால் சர்க்காரே வீண் என்றால், நாள்தோறும் திவாலாகும் தனியார் கடைகளைக் கொண்டு எதை நிரூபிப்பது?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் டயருக்கு வழியில்லாமல் தவித்த அமெரிக்கா, தனியாரின் துணிச்சல் தானாக மலரும் என்று கைகட்டிக் காத்திருக்கவில்லை. சர்க்கார் பணத்திலேயே செயற்கை ரப்பர் ஆலைகளை வரிசையாக எழுப்பி, கம்பெனிகளிடம் நடத்தக் கொடுத்து, 1955-இல் அவற்றைத் தனியாருக்கு விற்றுவிட்டது. பிற்பாடு நம் தோட்டங்களில் ரப்பர் விலையைக் கீழே தள்ளிய எமன் அதுதான். ஆக, நம்மை வாழவைத்த மரமும் சர்க்கார் சிருஷ்டி. அந்த மரத்துக்கு உலைவைத்த போட்டியும் சர்க்கார் சிருஷ்டி.

சர்க்காரை நான் துதிபாடுவதாக யாரும் எண்ணவேண்டாம். அதன்மேல் எனக்குள்ள கோபம் அந்தப் பேச்சாளருடையதைவிடப் பெரிது. ஆராய்ச்சிக்கான தீர்வையைத் தந்த ரப்பரைச் சீவியவர் யார்? நல்ல ரகக் கன்றும் மறுநடவு மானியமும் நிலமுடையவனுக்குக் கிடைத்தன. சீவியவனுக்கு நிலமில்லை, ஆகையால் மானியமும் இல்லை. தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையை வெட்டி வீடமைப்புத் திட்டம் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் லயத்தைக் காலி செய்து வெளியேறியது ஒரே ஜனம். 1960-இல் துன் சம்பந்தன் தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்திராவிட்டால் நம் கையில் சில தோட்டங்களும் மிஞ்சியிரா. 

‘ஒதுங்கி நில்’ என்று சர்க்காரிடம் சொல்வது நிலமும் மூலதனமும் சித்தப்பாவின் சிபாரிசும் ஏற்கெனவே உள்ளவனுக்குச் சௌகரியமான வேதாந்தம். மின்வாகனம் செய்யும் ஆலை இன்று தஞ்சோங் மாலிமிலேயே இருக்கிறது. அதற்குரிய பயிற்சியிலும் ஆய்வுக்கூடத்திலும் பேராங், சிலிம் ரிவர் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்று, தீர்வை கட்டிய பரம்பரையின் உரிமையோடு அதிகாரிகளின் மேசையைத் தட்டிக் கேட்கவேண்டிய சமயம் இது. கேட்காமல் நாமும் சேர்ந்து ‘ஒதுங்கு, ஒதுங்கு’ என்று கோஷமிட்டால், கடைசியில் ஒதுக்கப்படுகிறவர் யார் என்பதை அறிய ஜோசியரிடம் போகவேண்டியதில்லை.